கோப்பில் எழுதாமல் விட்ட ஒரு வரி

பெறுநர்: காவல், வருவாய், பதிவு, மின்சாரம், உள்ளாட்சி என்று எந்தத் துறையானாலும் சரி, ஒரு கையெழுத்தில் அடுத்தவர் வாழ்க்கையை நிறுத்தவும் நகர்த்தவும் முடிகிற தமிழ்நாட்டு அலுவலர்களுக்கு.

ஐயா, அம்மா,

வணக்கம். முப்பத்து நான்கு வருஷம் வருவாய்த் துறையில் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுருக்கொப்பம் இருக்குமே, அந்த மாதிரிச் சுருக்கொப்பங்களைப் போட்டே வயதானவன். கடிதம் கொஞ்சம் நீளம். ஆனால் கேட்கப்போவது ஒரே ஒரு வரிதான்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொன்னால் நன்றாக இருக்காது.

இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் மேஜிஸ்டீரியல் வேலை பார்க்கும் உதவியாளர் நாற்காலியில் இருந்தேன். கோட்டாட்சியருக்கு உட்கோட்ட நடுவர் என்ற அதிகாரமும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் இரண்டு கோஷ்டி அடித்துக்கொள்ளப் போகிறது என்று போலீஸ் அறிக்கை அனுப்பினால், சம்பந்தப்பட்டவர்களை அழைத்து, 'ஒரு வருஷத்துக்கு ஒழுங்காக இருப்பேன்' என்று பாண்டு எழுதி வாங்கலாம். அன்றைக்கு அது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆவது பிரிவு. எண் மாறினாலும் எங்கள் வாயில் அது இன்னமும் '107 போடுறது'தான்.

ஒருநாள் காலையில் அதிகாரி இன்ஸ்பெக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கையெழுத்து வாங்குவதற்காக மேஜைக்கு எதிரில் நான் நின்றுகொண்டிருந்தேன். "ஒரு 107 போட்டு அனுப்புங்க இன்ஸ்பெக்டர். ஆமா, வீட்டுப் பக்கத்துல சத்தம் போடுறார்னு. பேரு எழுதிக்கங்க." பெயரைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அதிகாரியின் தங்கையின் கணவர். கணவனும் மனைவியும் பிரிந்திருப்பதும், ஆறு வயதுக் குழந்தை அப்பாவிடம் இருப்பதும் அலுவலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

மத்தியானத்துக்குள் அறிக்கை வந்துவிட்டது. மற்ற வழக்குகளில் நாங்கள் நாலு தடவை நினைவூட்டு எழுதினாலும் அந்த ஸ்டேஷனிலிருந்து காகிதம் நகராது. எம்.சி. எண், அதாவது வழக்குக்கான பதிவு எண் போட்டேன். சம்மன் தட்டச்சு செய்தேன். 'பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக்கூடும் எனத் தகவல் கிடைத்துள்ளதால்' என்று தொடங்கும் வழக்கமான வாசகம்தான். பெயரும் முகவரியும் மட்டும் புதிது.

வந்தவர் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். முதல் வாய்தாவுக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஃபைலோடு வந்தார். வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னோம். மூன்றரை மணிக்கு, 'ஐயா ஆய்வுக்குப் போயிருக்காங்க, அடுத்த வாய்தாவுக்கு வாங்க' என்று நானே போய்ச் சொன்னேன். அறைக்குள் மின்விசிறி ஓடும் சத்தம் அந்த பெஞ்சு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது, மூன்றாவது வாய்தாவுக்கெல்லாம் அவர் விடைத்தாள் கட்டோடு வர ஆரம்பித்துவிட்டார். மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்துவார், கூட்டுவார், முதல் பக்கத்தில் மதிப்பெண்ணை வட்டமிடுவார். நான்காவது தடவை நான் போய் நின்றதும் பேனாவை மூடிவிட்டு, "சார், நான் என்ன தப்பு பண்ணினேன்னு அந்தப் பேப்பர்ல எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வழியில் கூட்டல் எங்கேயோ தப்பியிருக்கிறது, எந்த வரி என்று தெரிந்தால் திருத்திவிடலாம் என்பது போலக் கேட்டார். அடுத்த தேதியைச் சொல்லிவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன்.

இந்த விசாரணைக்கு ஒரு கெடு உண்டு. தொடங்கிய ஆறு மாதத்துக்குள் முடிக்காவிட்டால், தனியாகக் காரணம் எழுதி நீட்டித்தால் ஒழிய, நடவடிக்கை தானாகவே செத்துப்போகும். இது அன்றைய சட்டத்திலும் இருந்தது, இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. இந்தக் கோப்பும் அப்படித்தான் செத்தது. உத்தரவு என்று ஒரு காகிதம்கூடப் பிறக்கவில்லை. உத்தரவே இல்லாதபோது வாத்தியார் எதை எதிர்த்து மேலே போவார்? ஆறு மாதத்தில் அவருக்கு ஏழு நாள் சம்பளம் போயிருந்தது. சக ஆசிரியர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துபோயிருந்தது. ஏழாவது வாய்தாவுக்கு முந்தின வாரம் குழந்தையை அதன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார் என்று டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

குழந்தை யாரிடம் இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவிடம் இருப்பதே சரியாகக்கூட இருந்திருக்கலாம். அதை முடிவு செய்ய 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம் இருக்கிறது, 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம் இருக்கிறது. அங்கே போயிருந்தால் குழந்தையிடமும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பிள்ளையின் பெயரே எந்தக் காகிதத்திலும் வரவில்லை.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது என்ன தெரியுமா? அந்தக் கோப்பு சுத்தமானது. தணிக்கைக்கு வந்தால் ஒரு குறையும் காண முடியாது. போலீஸ் அறிக்கை இருக்கிறது, சம்மனைப் பெற்றுக்கொண்ட கையொப்பம் இருக்கிறது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பதிவு இருக்கிறது. எதிர்மனுதாரர் விசாரணை அதிகாரிக்கு மச்சான் என்ற ஒரு வரிதான் இல்லை. அதை எழுத வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். எழுதவில்லை.

உங்கள் துறைக்கு இது பொருந்தாது என்று நினைக்காதீர்கள். பங்காளித் தகராறில் வாரிசுச் சான்றிதழ் மனு மட்டும் 'விசாரணையில் உள்ளது' என்றே கிடக்கும். அண்ணன் நில அளவையில் இருந்தால், தம்பியின் உட்பிரிவு மனுவுக்கு மட்டும் சர்வேயர் கிடைக்கமாட்டார். பிரிந்துபோன மனைவி யாரோடு பேசுகிறாள் என்று பார்க்க, ஏதோ ஒரு வழக்கு எண்ணின் கீழ் அவளுடைய செல்போன் அழைப்புப் பட்டியலை வரவழைக்கிற புத்தியும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன பிறகும் உண்டு. எல்லாமே வழக்கமான அலுவலக வேலையின் உடையைப் போட்டுக்கொண்டு நடப்பவை. அதனால்தான் பிடிபடுவதில்லை.

காகிதமே இல்லாமல் நடப்பது போன் வழியாக. ஸ்டேஷனில் மனு விசாரணை என்ற பெயரில் இரண்டு குடும்பமும் நிற்கும். இன்ஸ்பெக்டரின் போன் அடிக்கும். அவர் எழுந்து நின்று, "சரிங்க ஐயா, பார்த்துக்கிறேன் ஐயா" என்பார். போனை வைத்ததும் யாரைப் பார்த்து முதல் கேள்வி கேட்கிறார் என்பதிலேயே போன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, 'இனி எந்தப் பிரச்சினையும் செய்யமாட்டேன்' என்று எழுதி வாங்குவார்கள். மாட்டேன் என்றால், "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, தெரியும்ல?" என்று ஒரு வார்த்தை. சனி, ஞாயிறு உள்ளே இருந்துவிட்டுத் திங்கட்கிழமைதான் ஜாமீன் பேச முடியும் என்று அதற்கு அர்த்தம்.

சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுத்திருக்கிறது என்று சொல்லாதீர்கள். சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 179ஆவது பிரிவு சொல்கிறது. குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உண்மை. அது குற்றம் நடந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். நகையை யார் வைத்துக்கொள்வது, பிள்ளை யார் வீட்டில் தூங்குவது என்று தீர்ப்புச் சொல்ல இல்லை. கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் 2011இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, நம்முடைய அந்தச் சொல்லையே எடுத்துச் சொல்லியிருக்கிறது. அரசமரத்தடியில் நடந்தால் அதற்குக் கட்டப் பஞ்சாயத்து என்று பெயர். குளிர்சாதன அறையில் நடந்தால் மட்டும் நாம் சமரசம் என்கிறோம்.

2025 ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்து விவகாரம் நினைவிருக்கும். ஒரு காதல் கல்யாணத்தையொட்டி மணமகனின் தம்பி கடத்தப்பட்டதாக வழக்கு. அதில் கூடுதல் டிஜிபி ஒருவரின் அரசு வாகனம் பயன்பட்டதாகக் குற்றச்சாட்டு. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவரைப் பிடிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. அவர் செய்தாரா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வாத்தியாரின் ஞாபகம்தான் வந்தது. யாருக்கும் இழப்பு இல்லாமல் முடிந்திருக்க வேண்டிய வீட்டுப் பேச்சு, அரசு முத்திரை உள்ள ஏதோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் என்னவாகிறது பாருங்கள்.

அடுத்த மாதமே, 2025 ஜூலை 22 அன்று, உச்ச நீதிமன்றத்தில் அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி ஏ.ஜி. மாசி அமர்வு ஒரு தம்பதிக்கு விவாகரத்து கொடுத்தது. மனைவி ஐபிஎஸ் அதிகாரி. இரு தரப்பும் போட்ட வழக்குகளையெல்லாம் முடித்ததோடு, ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். அந்த அதிகாரி தன் பதவியையோ, இனி வகிக்கப்போகும் பதவியையோ, சக அதிகாரிகள், மேலதிகாரிகள், தெரிந்தவர்கள் ஆகியோரின் பதவியையோ கணவருக்கும் அவர் வீட்டாருக்கும் எதிராக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் அந்த வாசகத்தை நான் இரண்டு தடவை படித்தேன். 'சக அதிகாரிகள், தெரிந்தவர்கள்' என்று சேர்த்திருக்கிறார்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. நாம் யாரும் சொந்தக் கையால் செய்வதில்லை. பேட்ச்மேட் செய்வார். முன்பு நம்மிடம் வேலை பார்த்த இன்ஸ்பெக்டர் செய்வார். நாம் 'சொல்லி வைத்திருப்போம்', அவ்வளவுதான்.

நீங்களும் மனிதர்கள்தானே, உங்கள் வீட்டிலும் தங்கை அழுதுகொண்டு வந்து நிற்பாள்தானே என்று கேட்டால், ஆமாம். இன்னும் சொல்லப்போனால், உங்கள் நிலைமை சில நேரம் மற்றவர்களைவிட மோசம். வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பார்? கொடுத்தால் 'பவரைக் காட்டுகிறாள்' என்பார்கள், கொடுக்காவிட்டால் 'உனக்கே இந்தக் கதியா' என்பார்கள். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான். புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மனுதாரராக வந்து, எல்லோரையும் போல மனு ரசீது வாங்கிக்கொண்டு, கூப்பிடும்வரை உட்காருங்கள். சீருடையில்லாமல் வாருங்கள். உங்கள் எல்லைக்கு வெளியே உள்ள அதிகாரி அதை விசாரிக்கட்டும். எல்லை தாண்டியும் எந்த ஸ்டேஷனிலும் புகார் பதியலாம் என்று இப்போது சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

குடும்பத் தகராறே அரசு அலுவலகப் படி ஏறக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளை 2007ஆம் வருஷத்துச் சட்டப்படி கோட்டாட்சியர் முன்னால்தான் நிறுத்துகிறோம். அது நல்ல வேலை, நான் மனசாரச் செய்த வேலைகளில் ஒன்று. ஒரு வயதான அம்மாவுக்கு மாதா மாதம் பணம் வர ஏற்பாடு செய்த அதே அறையில்தான் வாத்தியாரை அலையவிட்டதும் நடந்தது. அதே அதிகாரி, அதே நாற்காலி. அம்மாவின் மகன் அவருக்கு யாரோ. வாத்தியார் அவருக்கு யாரோ இல்லை.

இதில் எங்கள் பங்கும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எங்கள் என்றால் சொந்தக்காரர்களாகிய எங்கள் பங்கு. குடும்பத்தில் ஒரு பையன் குரூப் 1 பாஸ் பண்ணிவிட்டான் என்றால், அவன் பயிற்சி முடித்து வருவதற்குள் அவனுக்காக நாலு பஞ்சாயத்து காத்திருக்கும். 'நீ ஒரு போன் போட்டாப் போதும்ப்பா' என்று பெரியப்பா சொல்வார். போடவில்லை என்றால் 'பதவி வந்ததும் தலைகால் புரியல' என்று கல்யாண வீட்டில் பேச்சு வரும். அந்தக் கெட்ட பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தில் அதுவும் அடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதிகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அகில இந்தியப் பணி நடத்தை விதிகளில் 2014இல் சேர்த்த பகுதி, கடமையோடு தொடர்புள்ள சொந்த நலன் எதுவானாலும் அதை வெளிப்படையாகத் தெரிவித்து, பொதுநலன் கெடாதபடி முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்கிறது. அடுத்தவருக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே சட்டத்தை மீறும் பொது ஊழியருக்கு ஓராண்டு வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 198ஆவது பிரிவு சொல்கிறது. வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டுமே என்ற தைரியம் இருந்தால், அந்த அனுமதிக்கு இப்போது 120 நாள் கெடு. பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கணக்கு.

ஆனாலும் புகார் எங்கே கொடுப்பது என்று வாத்தியார் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. போலீஸ் மேல் வரும் புகார்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வையுங்கள் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலம் 2013இல் சட்டம் போட்டு, மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவராக்கியது. ஆட்சியரின் கோட்டாட்சியர் சொல்லி, எஸ்.பி.யின் இன்ஸ்பெக்டர் செய்ததைப் பற்றி, ஆட்சியரும் எஸ்.பி.யும் உட்கார்ந்து விசாரிப்பார்கள் என்று அந்த பெஞ்சில் இருப்பவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடிப்பவரும் விசாரிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் நம் நீதிமன்றங்களுக்கு உண்டு. போலீஸ் துணை ஆணையர்களுக்கே 107 அதிகாரத்தைக் கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாது என்றது. அதன் அடுத்த படியை யாரும் எடுக்கவில்லை.

அதனால் மேலே பார்ப்பதை விட்டுவிட்டு, கீழே இருப்பவர்களிடம் வருகிறேன். தட்டச்சு செய்பவர்களே, நிலைய எழுத்தர்களே, கணினி முன்னால் இருக்கும் பிள்ளைகளே. அதிகாரியை எதிர்த்துச் சண்டை போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை குட்டிக்காரர்கள், என்னைப் போலவே. போன் வந்ததா, இத்தனை மணிக்கு, இன்னார் பேசினார், இதைச் சொன்னார் என்று நிலையப் பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு போடுங்கள். கோப்பில் உறவு தெரிந்தால் அலுவலகக் குறிப்பில் ஒரு வரி வையுங்கள். 'தங்கள் கனிவான தகவலுக்கு' என்று மரியாதையாகவே வையுங்கள். தான் பேசியது எழுதப்படும் என்று தெரிந்தால் பாதிப் பேர் பேசவே மாட்டார்கள். இது ஊகம் இல்லை. ஒரு தடவை வேறொரு அதிகாரியிடம், 'ஐயா, இது உங்கள் பெரியம்மா மகன் மனுதானே, குறிப்பில் சேர்த்துவிடட்டுமா?' என்று சாதாரணமாகக் கேட்டேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோப்பை மூடி என்னிடமே கொடுத்து, 'மேலே அனுப்பிடுங்க' என்றார். என்மேல் கோபப்படக்கூட இல்லை. அது வாத்தியார் விஷயம் நடந்து ஒன்பது வருஷம் கழித்து.

அன்றைக்கு நான் வைத்திருக்க வேண்டிய வரைவைக் கீழே தருகிறேன். வெற்றிடங்களை நிரப்பினால் போதும். எந்தத் துறைக்கும் ஒத்துவரும்.

"பொருள்: எம்.சி. எண் ......... கோப்பினை மாற்றுதல் தொடர்பாக.

மேற்காணும் நேர்வில் எதிர்மனுதாரர் எனது உடன்பிறந்த தங்கையின் கணவர் ஆவார். எனவே இக்கோப்பினை நான் விசாரிக்க இயலாது. பிறிதொரு அலுவலருக்கு மாற்றி உத்தரவிடும் பொருட்டு மாவட்ட ஆட்சியரின் பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது. எதிர்மனுதாரர் அடுத்த வாய்தாவுக்கு வர வேண்டியதில்லை என அவருக்கு இன்றே தெரிவிக்கப்பட்டது."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்